குரைக்காத முதலாளிக்கு ஒரு வீடு

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாவு மில் மச்சான் எழுதிக்கொள்வது. நான் நலம். நீங்களும் என் தங்கையும் நலமாக இருப்பதாகவே வைத்துக்கொள்கிறேன். வேறு மாதிரி இருந்தால் யாராவது இரண்டு வரி எழுதியிருப்பார்கள். தங்கை அடிக்கடி போன் செய்கிறாள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் உங்கள் பக்கத்து லைனில் ஏதோ கோளாறு இருக்கிறது. அவள் வாயில் துணியை அடைத்துக்கொண்டு பேசுவது போலத்தான் எனக்கு வந்து சேர்கிறது. மரியாதைக்காக நானும் ஆமாம் ஆமாம் என்று சொல்லி வைக்கிறேன். அந்த வகையில் எதற்கெல்லாம் சம்மதம் கொடுத்திருக்கிறேனோ எனக்கே தெரியாது. போனில் நான் சொன்ன எந்த ஆமாமையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

போன முறை உங்கள் வீட்டில் நடந்ததை நான் மறக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு மறந்துவிட்டேன் என்று யாரும் நினைத்துக்கொள்ளக் கூடாது. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நாட்டு நடப்பைப் பற்றி நல்ல மனிதர் இருவர் பேசுவது போலத்தான் பேசிக்கொண்டிருந்தோம். திடீரென்று நீங்கள் என் கையைத் தொட்டு, “மச்சான், கொஞ்சம் மெல்லப் பேசுங்க, என்ன சண்டைன்னு பக்கத்து வீட்டுல கேக்கறாங்க” என்றீர்கள். அதுவும் தங்கை காபியோடு வந்து நின்ற நேரத்தில். நான் எழுந்தேன், செருப்பைப் போட்டேன், அடுத்த பஸ்ஸில் ஊர் வந்து சேர்ந்தேன். நீங்கள் வாழ்நாள் முழுக்க நூலகத்தில் வேலை பார்த்தவர், வருகிறவன் போகிறவனை எல்லாம் உஸ் உஸ் என்று சொல்லியே ஓய்வு பெற்றவர், அது உங்கள் தொழில். நான் வாழ்நாள் முழுக்க மாவு மில் ஓட்டியவன். உங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே மரம் அறுக்கும் மில் நாள் முழுக்க ஓடுகிறது, அதைத் தாண்டியும் என் குரல் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்டது என்றால் கோளாறு அவர் காதில். அன்றைக்கே இதைச் சொல்லியிருப்பேன், பஸ் போய்விடும் என்றுதான் சொல்லவில்லை.

இப்போது எழுதுவது எனக்காக அல்ல. எனக்காக உங்கள் வாசலில் வந்து நிற்கிற ஆள் நானில்லை. முதலாளிக்காக எழுதுகிறேன். முதலாளியை நீங்கள் ஒரு முறை பார்த்திருக்கிறீர்கள், வெள்ளை நாய் என்று நினைத்திருப்பீர்கள். அவன் வெள்ளையில்லை. மில்லிலேயே பிறந்து வளர்ந்ததால் எப்போதும் மாவு பூசிக்கொண்டிருந்தான். மில்லை மூடிய பிறகு முதல் தடவையாகக் குளிப்பாட்டினேன், உள்ளேயிருந்து பழுப்பு நாய் வந்தது. தெருவில் இரண்டு பேர் என்னை நிறுத்தி, வெள்ளை நாய் போய்விட்டதா, பாவம் என்று துக்கம் விசாரித்தார்கள். நான் அரவைக் கல்லைக் கொத்த உள்ளே போய்விட்டால் தராசுக்குப் பக்கத்தில் இருக்கும் என் நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொள்வான். மாவு அரைக்க வருகிறவர்கள் அவனைப் பார்த்து, “என்ன முதலாளி, எப்போ கிடைக்கும்?” என்று கேட்பார்கள். அதுவே பெயராகிவிட்டது. என்னை அந்த மில்லில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை என்பது வேறு விஷயம்.

மில்லை வாங்கியவர் அதை இடித்துவிட்டு செல்போன் கடை கட்டியிருக்கிறார். நானும் முதலாளியும் இப்போது ஒரு மாடி போர்ஷனில் வாடகைக்கு இருக்கிறோம். கீழே வீட்டுக்காரம்மா. ஆஸ்பத்திரியில் நர்ஸ், ராத்திரி வேலை, பகலில் தூக்கம். வாயை நன்றாகத் திறந்து பேசுகிற பெண், அதனால் அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. இந்தக் காலத்தில் செய்தி வாசிக்கிறவர்கள் முதல் பஸ் கண்டக்டர் வரை எல்லோரும் முணுமுணுக்கிறார்கள், நல்ல குரலே அருகிப் போய்விட்டது. அந்த அம்மா இந்த மாச ஆரம்பத்தில் மாடியேறி வந்தார். ரேடியோவில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் நின்று, “ஐயா, தப்பா நினைக்காதீங்க. மேல இருந்து வர்ற சத்தம் தாங்கல. கண்ணை மூட முடியல. வயசுல பெரியவங்க, நான் வாயால சொல்றது நல்லா இருக்காது. உங்களுக்கே தெரியும்” என்று சொல்லி, கையை அறைக்குள் நீட்டிக் காட்டினார். அங்கே மேசை மேல் ரேடியோ, அதன் பக்கத்து நாற்காலியில் முதலாளி. ரேடியோவைப் பற்றி எந்த மனிதராவது மாடியேறி வந்து குறை சொல்வாரா? “எனக்குத் தெரியும்மா” என்றேன். மாசக் கடைசிக்குள் ஒரு வழி பண்ணுங்கள், இல்லையென்றால் வேறு வீடு பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். நான் விளக்கம் கேட்கிற ஆளில்லை. கேட்டால் தெரியாது என்று ஆகிவிடும்.

கதவைச் சாத்திவிட்டு முதலாளியை நிற்க வைத்துக் கண்டித்தேன். நான் காய்கறி வாங்கப் போகிற நேரமாகப் பார்த்துக் குரைக்கிறாயா, என் எதிரில் பூனை மாதிரி இருந்துகொண்டு முதுகுக்குப் பின்னால் ஊரைக் கூட்டுகிறாயா என்று விலாவாரியாகக் கேட்டேன். பாதியில் அந்த அம்மா மறுபடி மேலே வந்துவிட்டார். ஒரே நாளில் இரண்டாம் தடவை. அப்படியென்றால் இவன் எவ்வளவு சத்தம் போட்டிருக்க வேண்டும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

உண்மையைச் சொன்னால், இவன் குரைத்து நான் ஒரு நாளும் கேட்டதில்லை. மில்லில் பெல்ட் ஓடும்போது இடி விழுந்தாலே தெரியாது, நாய் குரைத்து யாருக்குக் கேட்கும்? குட்டியாக இருந்தபோது வாயைத் திறந்து திறந்து பார்த்தான், ஒருவரும் திரும்பவில்லை, விட்டுவிட்டான். அதற்குப் பதிலாகக் கால்சட்டையைக் கவ்வி இழுக்கக் கற்றுக்கொண்டான். அதை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது உங்கள் அக்கா, என் வீட்டுக்காரி. சொல்லிக் கொடுத்தாள் என்றுகூட இல்லை. போன் அடித்தாலோ ஆள் வந்தாலோ அவள் வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்துத்தான் சொல்வாள். அவன் அதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தான். அவள் போன பிறகு அந்த வேலையை யாரும் அவனிடம் கொடுக்கவில்லை, அவனாகவே எடுத்துக்கொண்டான். போன் அடித்தால் ஒரு இழுப்பு, வாசலில் ஆள் என்றால் இரண்டு, பால் பொங்கினால் துணி கிழிகிற மாதிரி. என்னிடம் ஒழுங்கான கால்சட்டையே இல்லை.

சரி, இவனுக்கு வேறு இடம் பார்க்கக் கிளம்பினேன். முதலில் இரும்புக் கடைக்காரர் கேட்டார், கடைக்குக் காவலுக்கு வேண்டுமென்று. கடையைச் சுற்றிப் பார்த்தேன், தகரம் தட்டுகிற சத்தமும் கம்பி வெட்டுகிற சத்தமுமாக நல்ல இடம். முதலாளியும் போனவுடன் கம்பிக் கட்டுகளுக்கு நடுவில் படுத்துத் தூங்கிவிட்டான். விட்டுவிட்டு வந்தேன். அந்த வாரமே அவர் கடையில் திருடன் புகுந்திருக்கிறான். முதலாளி முறைப்படி ஓடிப்போய், உள்ளே தூங்கிக்கொண்டிருந்தவரின் போர்வையை இழுத்திருக்கிறான். அவர் விளையாடக் கூப்பிடுகிறான் என்று நினைத்து ஒரு பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் படுத்திருக்கிறார். திருடன் செப்புக் குழாய்களைச் சாவகாசமாகத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறான். மறுநாள் அவர் முதலாளியைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, “குலைக்காத நாயைத் தலையில கட்டிட்டீங்களே பெரியவரே” என்றார். நான் விடவில்லை. ஒரு வீட்டையே காலி பண்ணச் சொல்கிற அளவுக்குக் குரைக்கிற நாய் உங்கள் கடையில் மட்டும் குரைக்கவில்லை என்றால் குறை நாயிடமா கடையிடமா என்று கேட்டேன். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

அடுத்தது பாட்டு டீச்சர். தனியாக இருக்கிறவர், சத்தம் போடாத துணையாக வேண்டும் என்றார். அந்த வீட்டில் காலடி வைத்ததுமே எனக்குச் சந்தேகம்தான். தரையெல்லாம் விரிப்பு, சுவரெல்லாம் திரை, கடிகாரம்கூட ஓடுகிறதா நிற்கிறதா தெரியவில்லை. நினைத்த மாதிரியே முதலாளிக்கு அங்கே கண் மூட முடியவில்லை. மில்லில் பிறந்தவனுக்கு நிசப்தம் என்றால் ஏதோ பழுதாகிவிட்டது என்று அர்த்தம். எழுந்து எழுந்து போய் டீச்சரின் சேலையை இழுத்து, மோட்டார் நின்றுவிட்டது, போய்ப் பார் என்று சொல்லியிருக்கிறான். அந்த அம்மாவுக்கு அது புரியவில்லை. டீச்சர் பாடும்போது கொஞ்சம் தூங்குவான் என்று நினைத்தேன், அவர் பாட்டு அந்த அளவுக்கு வராது போலிருக்கிறது. கடைசியில் வாஷிங் மெஷின் ஓடும்போது மட்டும் அதன் மேல் ஏறித் தூங்கியிருக்கிறான். அவனுக்காக இல்லாத அழுக்கை எத்தனை நாள் துவைப்பார்கள்?

அவன் டீச்சர் வீட்டில் இருந்த நாட்களில் இங்கே நடந்ததையும் சொல்ல வேண்டும். தபால்காரர் பல முறை பெல் அடித்துப் பார்த்துவிட்டுப் போனதாகப் பொய் சொன்னார். கேஸ்காரரும் அதே பொய். என் வீட்டு காலிங் பெல் முதலாளி இருந்தால்தான் அடிக்கிறது, ஒயரில் ஏதோ இருக்கிறது, ஆள் வைத்துப் பார்க்க வேண்டும். பால் மூன்று தடவை அடுப்பை அணைத்தது. குழாய் திறந்திருந்தது எனக்குத் தெரியாமல் போய், தண்ணீர் வழிந்து கீழே நர்ஸம்மா வீட்டுச் சுவரில் இறங்கிவிட்டது. அதற்காக வந்தவர், “சத்தமும் அப்படியேதான் இருக்குங்க ஐயா” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அவன் இங்க இல்லவே இல்லையேம்மா” என்றேன். “யாரு?” என்றார். “எனக்குத் தெரியும்” என்றேன். நெற்றியைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். ஆள் இல்லாதபோதுகூட அவன் மேல் பழி போடுகிறவரிடம் என்னத்தைப் பேசுவது?

மூன்றாவது பல் டாக்டர். இங்கேதான் நான் மனப்பூர்வமாக நம்பினேன். பல்லைக் குடைகிற மெஷின் சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்டதும் முதலாளியின் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது பாருங்கள். டாக்டரின் காலடியில் படுத்தான், குறட்டை விட்டான். நோயாளிகள் பயந்து பிடித்துக்கொண்டிருக்கிற நாற்காலிக்குக் கீழே ஒரு நாய் நிம்மதியாகத் தூங்கினால் அவர்களுக்கும் தைரியம் வரும் என்று டாக்டரும் சொன்னார். எல்லாம் போன் அடிக்கிற வரையில்தான். போன் அடித்ததும் முதலாளி எழுந்து, டாக்டர் கையில் வேலையாக இருக்கிறாரே என்ற இங்கிதத்தில் அவரை விட்டுவிட்டு, நாற்காலியில் வாயைத் திறந்து சாய்ந்திருந்தவரின் காலைப் பிடித்து இழுத்திருக்கிறான். அவர் துள்ளியிருக்கிறார். டாக்டரின் கை ஒரு பல் தள்ளிப் போய்விட்டது. நல்ல பல். அன்று மாலையே டாக்டர் தம் காரில் முதலாளியைக் கொண்டுவந்து விட்டார். நல்ல மனிதர், கோபப்படவில்லை, என் வாயையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஏதோ சொன்னார். அவரும் முணுமுணுக்கிறவர்தான்.

இப்போது மாசக் கடைசி நெருங்கிவிட்டது. எங்கே கொண்டுபோய் விட்டாலும் திரும்பி வருகிறான். அதனால் வேறு வழியில்லாமல், மனதைக் கல்லாக்கிக்கொண்டு, உங்களிடம் கேட்கிறேன். உங்கள் வீட்டுக்குக் காம்பவுண்டு இருக்கிறது. பின்னால் மரம் அறுக்கும் மில் இருக்கிறது, நீங்கள் எத்தனையோ மனு போட்டும் மூட முடியாத மில். அந்தச் சத்தத்தில் அவன் குழந்தை மாதிரி தூங்குவான். அவனை நீங்கள் வைத்துக்கொள்ள வேண்டும். நான் வரமாட்டேன், வந்து பார்க்கவும் மாட்டேன், அந்த விஷயம் தனி. ஆனால் அவனை எப்படி வைத்துக்கொள்வது என்று சொல்லாமல் அனுப்ப முடியாது. இதைக் கவனமாகப் படியுங்கள், தங்கைக்கும் படித்துக் காட்டுங்கள்.

கூப்பிட்டவுடன் வருவான் என்று எதிர்பார்க்காதீர்கள். வயதாகிவிட்டது, ஆனால் அதைச் சொன்னால் பிடிக்காது. இருப்பதிலேயே பெரிய நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொள்வான், இறங்கச் சொன்னால் இறங்கமாட்டான், நீங்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தால் தானாகவே இறங்கிவிடுவான். அவன் தப்பு செய்தால் நாலு பேர் எதிரில் சொல்லாதீர்கள், முக்கியமாகச் சாப்பிடக் கொடுக்கும் நேரத்தில் சொல்லாதீர்கள். சொல்லிவிட்டால் ஒரு வேளை சாப்பிடமாட்டான். கெஞ்ச வேண்டாம். தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விடுங்கள், யாரும் பார்க்கவில்லை என்றால் சாப்பிட்டுவிடுவான். மாலையில் நடக்கப் போக வேண்டும், எந்தத் தெருவில் போவது என்பதை அவன்தான் முடிவு செய்வான். முதல் சில நாட்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கேட்டுக்குப் பக்கத்திலேயே இருப்பான், இந்த வீட்டுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்பது போல. பூட்டி வைக்காதீர்கள், கேட்டைத் திறந்தே போட்டு வையுங்கள். திறந்திருந்தால் போகமாட்டான். யாராவது ஒருவர் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், பேச்சுக் கொடுக்க வேண்டும் என்றுகூட இல்லை. துணைக்கு ஆள் இல்லாமல் அவன் இருந்து பழக்கமில்லை. அதை அவன் வெளியே காட்டமாட்டான்.

இவ்வளவுதான். வேண்டுகோள் என்று நினைக்க வேண்டாம், தகவல் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அவனை ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் நிலையத்தில் உங்களிடம் ஒப்படைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன். அவன் இல்லாமல் வீடு எப்படி இருக்கும் என்று தங்கை போனில் கேட்கக் கூடும். கேட்டால் நான் ஆமாம் என்றுதான் சொல்வேன்.

தங்கைக்கு என் ஆசி. நீங்கள் வயதில் இளையவர் என்பதால் உங்களுக்கும் ஆசி உண்டு. படித்தவர் என்பதால் கூடவே வணக்கமும் வைத்துவிடுகிறேன். எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் எல்லாம் பெருகட்டும், மரம் அறுக்கும் மில்லும் சேர்த்து.

இப்படிக்கு,
சொன்னதை மாற்றிக்கொள்ளாத
உங்கள் மச்சான்

பின்குறிப்பு: உறையில் போட்டு ஒட்டப் போகும்போது முதலாளி இரண்டு இழுப்பு இழுத்தான். கதவைத் திறந்தால் நர்ஸம்மா. நான் இவனைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கிய சங்கதியைப் பல் டாக்டர் அவரிடம் சொல்லியிருக்கிறார். கண்ணெல்லாம் கலங்கிப் போய் நின்றார். நேராக உள்ளே வந்து ரேடியோவை அணைத்துவிட்டு, என் காதுக்குப் பக்கத்தில் வந்து, “ஐயா, இந்த நாய் குலைச்சு நான் கேட்டதே இல்ல. நான் சொன்னது ரேடியோவ. ரேடியோகூடப் பரவாயில்ல. நீங்க பேசறதைத்தாங்க ஐயா” என்றார். நான் முதலாளியைப் பார்த்தேன். அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். தெரிந்தும் சொல்லாமல் இருந்திருக்கிறான், படித்தவர்களை விட இங்கிதம் தெரிந்தவன்.

இதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. கேட்கிற அளவுக்குத்தான் ரேடியோ வைக்கிறேன், கேட்கிற அளவுக்குத்தான் பேசுகிறேன். குறைத்துக்கொள்வதாகவும் இல்லை. ஆனால் தூங்காமல் வேலைக்குப் போகிற பெண்ணோடு சண்டை போட எனக்கு மனம் வரவில்லை, காலி செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். கடிதத்தைக் கிழித்து வேறு எழுதலாம்தான், எழுதியதை மாற்றுகிற பழக்கம் என்னிடம் இல்லை. ஆகவே மேலே சொன்னபடியே ஞாயிற்றுக்கிழமை பஸ் நிலையத்துக்கு வந்துவிடுங்கள். வீடு தேவைப்படுவது முதலாளிக்கு இல்லை என்று தெரிந்துவிட்டதால், நாற்காலி, சாப்பாடு, கேட்டு, மாலை நடை எல்லாவற்றையும் என்னைப் பற்றி எழுதியதாகவே வைத்துக்கொண்டு இன்னொரு முறை படித்துவிடுங்கள். திருத்த வேண்டியது எதுவும் இல்லை, நானே படித்துப் பார்த்துவிட்டேன். முதலாளி என்னோடு வருகிறான், அவனால் உங்களுக்கு ஒரு தொந்தரவும் இருக்காது. போனில் நான் சொன்ன ஆமாம்களில் உங்கள் வீட்டுக்கு வந்துவிடுகிறேன் என்பதும் ஒன்றாக இருந்தால், அதை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பக்கத்து வீட்டுக்காரரிடம் இப்போதே சொல்லி வையுங்கள், சண்டை எதுவும் இல்லை என்று.